சொந்த ஊரில் ஒரு பால்புதுமையர் உரிமைக் கிளை: தொடங்கவும் நிலைக்கவும் முழுமையான வழிகாட்டி

பால்புதுமையருக்காக, அதாவது தன்பால், இருபால் ஈர்ப்புள்ளவர்கள், திருநங்கையர், திருநம்பிகள் போன்றோருக்காக, சென்னையில் சகோதரன் அமைப்பு 1998-இல் தொடங்கியது. 2003-இல் ஓரினம் என்ற தன்னார்வக் குழு வந்தது. 2009-இல் முதல் வானவில் பேரணி நடந்தது, 2012-இல் மதுரையும் ஒன்றைப் பார்த்துவிட்டது. ஆனால் திண்டுக்கல்லிலோ திருவண்ணாமலையிலோ அறந்தாங்கியிலோ இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு, தன்னைப் போன்ற இன்னொருத்தியை நேரில் பார்த்துப் பேச இன்றைக்கும் பஸ் ஏறித்தான் போக வேண்டியிருக்கிறது. வீட்டில் ஏதாவது காரணம் சொல்லிவிட்டுக் கிளம்பி, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். அந்தத் தூரத்தைக் குறைப்பதற்குத்தான் கிளை.

சொந்த ஊரில் கிளை தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாவட்டங்களில் கிளை வேண்டும் என்று விரும்பும் நகரத்து அமைப்புகளும் படிக்கலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வருடத்தில் ஒரு கிளைக்கு இரண்டு வேலைகள் போதும். ஒன்று, தவறாமல் நடக்கும் மாதச் சந்திப்பு. இன்னொன்று, ஆபத்தில் இருப்பவர் கூப்பிட்டால் யாராவது எடுக்கும் ஒரு போன். பேரணி, கருத்தரங்கு, இன்ஸ்டாகிராம் பக்கம் எல்லாம் அப்புறம் வரட்டும். இந்த இரண்டும் நிற்காத இடத்தில் மற்றவை நின்று நான் பார்த்ததில்லை.

1. ஊரில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள்?

"எங்கள் ஊரில் ஒன்றுமே இல்லை" என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மையாக இருக்காது. தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்துக்குப் போனாலும் திருநங்கையரின் ஜமாத்துகள் (மூத்தவர்களின் தலைமையில் ஒன்றாக இருக்கும் குழுக்கள்) பல தலைமுறைகளாக இருக்கின்றன. 2008-இல் தமிழக அரசு திருநங்கையர் நல வாரியம் அமைத்ததற்குப் பின்னால் இவர்கள் வருடக்கணக்கில் போராடிய உழைப்பு இருக்கிறது. பல மாவட்டங்களில் எச்.ஐ.வி தடுப்புத் திட்டத்தின் கீழ் இயங்கும் சமூக அமைப்புகளும் உண்டு. கோத்திகளும் (பெண்தன்மையோடு தங்களை அடையாளப்படுத்தும் ஆண்கள்) திருநங்கையரும் அங்கே களப்பணியாளர்களாக இருப்பார்கள். எந்தக் காவல் நிலையத்தில் யார் நல்லவர், எந்த மருத்துவமனையில் யார் மரியாதையாக நடத்துவார் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள். கேட்டுக்கொள்ளப் போகிறோம் என்ற மனநிலையோடு போங்கள். ஆங்கிலம் பேசும், கல்லூரி முடித்த, ஆதிக்க சாதி இளைஞர்கள் நாலு பேர் திடீரென்று வந்து இந்த ஊரின் பால்புதுமையர் குரல் நாங்கள்தான் என்று அறிவித்தால், முப்பது வருடமாகத் தெருவில் அடிபட்டவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜமாத்தின் மூத்தவர் ஒருவரின் ஆசியும் தொலைபேசி எண்ணும் உங்கள் முதல் வருடத்தில் பாதி சுமையைக் குறைக்கும்.

அதே நேரத்தில் அங்கே யார் இல்லை என்பதையும் கவனியுங்கள். பொதுவாக லெஸ்பியன், பைசெக்ஸுவல் பெண்களும், திருநம்பிகளும் (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு, தங்களை ஆணாக உணர்பவர்கள்), கல்யாணமாகிவிட்டவர்களும் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். கிளை இவர்களுக்காகத்தான் அதிகம் தேவைப்படுகிறது. வெளியே வரக் கஷ்டப்படுபவர்களும் இவர்கள்தான்.

2. ஐந்து பேர்

தொடங்க மூன்று பேர் போதும், ஐந்து பேர் இருந்தால் நல்லது. ஒருவரே எல்லாவற்றையும் இழுக்கும் கிளை அவருக்கு வேலை மாற்றம் வந்ததும் முடிந்துபோகும். ஐந்து பேரும் கே ஆண்களாக இருந்தால் இரண்டாவது சந்திப்பிலேயே பெண்கள் வருவது நின்றுவிடும். அதனால் மற்றவர்கள் கிடைக்கும்வரை ஒரு மாதம் கூடக் காத்திருங்கள்.

எல்லோரும் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் ஒருவராவது பெயர் சொல்லிக் காவல் நிலையத்துக்குள் நுழையக்கூடியவராக இருக்க வேண்டும். அவர் பால்புதுமையராகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. ஒரு பெண் வழக்கறிஞரோ, தொழிற்சங்கத் தோழரோ, ஓய்வுபெற்ற ஆசிரியரோ இருந்தாலும் சரி. வேலையை ஆரம்பத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள்: சந்திப்பை நடத்துபவர், போனை எடுப்பவர், பணக்கணக்கு பார்ப்பவர். போனும் பணமும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது.

3. தாய் அமைப்போடு எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்

சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் ஓர் அமைப்பின் கிளையாகத் தொடங்கினால் அந்தப் பெயருக்கு இருக்கும் மதிப்பு உங்களுக்கும் கிடைக்கும், வழக்கறிஞர் தொடர்பு கிடைக்கும், பயிற்சி கிடைக்கும். பதிலுக்கு அவர்கள் அறிக்கை கேட்பார்கள், சில நேரம் உங்கள் ஊர்க் கதைகளையும் கேட்பார்கள். இந்த உறவு நட்பிலேயே ஓடும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கம் போதும், ஆனால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

அதில் என்னென்ன இருக்க வேண்டும்? அமைப்பின் பெயரையும் சின்னத்தையும் கிளை எங்கே பயன்படுத்தலாம், பத்திரிகைக்கு யார் பேசுவது, கிளை தானாக முடிவெடுக்கும் விஷயங்கள் எவை, தாய் அமைப்பைக் கேட்டுத்தான் செய்ய வேண்டியவை எவை, நெருக்கடி வந்தால் இரவில் அங்கே யாரைக் கூப்பிடுவது, கிளையில் நடந்த ஒருவரின் கதையை நிதி விண்ணப்பத்தில் எழுத யார் அனுமதி தர வேண்டும். கடைசியாக, கிளை பிரிந்துபோனாலோ மூடினாலோ பணமும் பதிவேடுகளும் யாரிடம் போகும். இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டுவிடுங்கள்.

அமெரிக்காவில் பிஃப்ளாக் என்ற, பால்புதுமையரின் பெற்றோர் அமைப்பு 1973-இல் நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் சுமார் இருபது பேரோடு முதல் கூட்டத்தை நடத்தியது. இன்று நூற்றுக்கணக்கான ஊர்களில் அதற்குக் கிளைகள் இருக்கின்றன. தலைமையகம் பெயரையும் பயிற்சியையும் கொள்கையையும் தருகிறது. மாதாமாதம் கூடி உட்கார்ந்து பேசுவது அந்தந்த ஊர்க்காரர்களின் பொறுப்பு. இங்கேயும் அந்தப் பிரிவினை பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

4. பதிவு செய்வதா, வேண்டாமா?

அவசரப்பட வேண்டாம். ஓரினம் பதிவு செய்யாத, முழுக்கத் தன்னார்வலர்களால் நடக்கும் கூட்டு முயற்சியாகவே இத்தனை வருடம் வேலை செய்திருக்கிறது. ஆதரவுச் சந்திப்பு நடத்த யாருக்கும் பதிவுச் சான்றிதழ் தேவையில்லை.

சொந்தமாக வங்கிக் கணக்கும் வாடகை அலுவலகமும் திட்ட நிதியும் வேண்டும் என்ற நிலை வரும்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தாய் அமைப்பின் பதிவுக்குள்ளேயே அதன் கிளையாக இருப்பது. கணக்கு, தணிக்கை எல்லாம் அங்கேயே நடக்கும். மற்றொன்று, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் தனிச் சங்கமாகப் பதிவது. இதற்குக் குறைந்தது ஏழு பேர் பெயரும் முகவரியும் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் வெளியே தெரியாதவர்களுக்கு அது பெரிய விஷயம் என்பதை மறந்துவிட்டு, சட்டென்று கையெழுத்து வாங்காதீர்கள்.

தனியாகப் பதியும் முன் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்ட பிறகு, ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவே முடியாது. நீங்கள் தனிச் சங்கமானால் தாய் அமைப்புக்கு வரும் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட உங்கள் கணக்குக்கு வராது. வெளிநாட்டு நிதி பெறும் உரிமத்தைச் சொந்தமாக வாங்கவும் பொதுவாக மூன்று வருட வரவு செலவு காட்ட வேண்டும். அந்த நிதியை நம்பி மாவட்டச் சங்கங்களைப் பதியச் சொல்லும் நகரத்து அமைப்புகள் இதை முதலிலேயே விளக்கிச் சொல்ல வேண்டும்.

5. முதல் சந்திப்பு

இடம் கிடைப்பதுதான் சிறு ஊரில் முதல் முட்டுக்கட்டை. திருமண மண்டபம், ஹோட்டல் ஹால் எல்லாம் செலவும் பிடிக்கும், கேள்வியும் வரும். வழக்கறிஞர் அலுவலகத்தின் மாடி, தொழிற்சங்கக் கட்டடம், பெண்கள் அமைப்பின் அறை, ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் டியூஷன் சென்டர் இவையெல்லாம் நல்ல இடங்கள். இடம் கொடுப்பவருக்கு இது என்ன கூட்டம் என்று தெரிந்திருக்க வேண்டும். மறைத்து வாங்கிய இடத்தில் நடுவில் யாராவது வந்து சத்தம் போட்டால், அன்றைக்கு முதல் தடவை வந்தவர் திரும்ப வரமாட்டார்.

நேரம் பகலாக இருக்கட்டும். ஞாயிறு பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை வைத்தால் கிராமத்திலிருந்து வரும் பெண்ணும் வெளிச்சத்திலேயே வீடு திரும்பலாம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு என்று முடிவு செய்தால் தீபாவளி வந்தாலும் மாரியம்மன் திருவிழா வந்தாலும் அதே ஞாயிறுதான். யாருமே வராவிட்டாலும் நடத்துபவர்கள் இரண்டு பேர் முழு நேரமும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவர் மூன்று மாதம் யோசித்து, நாலாவது மாதம்தான் துணிந்து கிளம்பி வருவார். அன்றைக்குக் கதவு பூட்டியிருக்கக் கூடாது.

முகவரியைப் பொதுவில் போட வேண்டாம். வர விரும்புபவரோடு முதலில் போனில் பத்து நிமிடம் பேசுங்கள். பதினெட்டு வயது ஆகிவிட்டதா, எப்படித் தெரிந்துகொண்டார், எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும், போன் வீட்டில் யார் கையிலாவது போகுமா என்று கேளுங்கள். விசாரணை மாதிரி இல்லாமல் சாதாரணமாகப் பேசுங்கள். சந்தேகம் வந்தால் தனியாக ஒரு டீக்கடையில் இரண்டு பேராகப் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் அழையுங்கள்.

கூட்டத்தின் விதிகளை ஒவ்வொரு மாதமும் தொடக்கத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். இங்கே யார் வந்தார்கள் என்பது இங்கேயே இருக்கும், போட்டோ கிடையாது, ஒருவர் பேசும்போது அறிவுரை சொல்லக் கூடாது, பேச விருப்பமில்லாதவர் சும்மா இருக்கலாம், சாதி மத உடல் சார்ந்த கிண்டலுக்கு இடமில்லை. முதல் ஒரு மணி நேரம் வட்டமாகப் பேச்சு. அப்புறம் ஒரு தலைப்பு: வீட்டில் கல்யாணப் பேச்சு, வேலையிடம், மருத்துவரிடம் எப்படிப் பேசுவது என்று ஏதாவது ஒன்று. கடைசி அரை மணி நேரம் டீயும் முறுக்கும். இந்த அரை மணி நேரத்தில்தான் உண்மையான பேச்சு நடக்கும், அதைச் சுருக்காதீர்கள்.

பேச்சு தமிழில் நடக்க வேண்டும். தமிழக அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்ட, பால்புதுமையரைக் குறிக்கும் சொற்பட்டியல் துண்டறிக்கைக்கும் மனுவுக்கும் உதவும். ஆனால் வட்டத்தில் உட்காருபவர் தன்னை எந்த வார்த்தையால் சொல்லிக்கொள்கிறாரோ அதுவே சரியான வார்த்தை. அங்கே யாரையும் திருத்தாதீர்கள்.

6. ரகசியம்

ஒரு பெயர் கசிந்தால் ஒரு வேலை போகலாம், ஒருவர் வீட்டுக்குள் பூட்டப்படலாம். சாதாரண வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தவுடனேயே ஒருவரின் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதியை மட்டும் பயன்படுத்தினால் உறுப்பினர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. அட்மின்களுக்கு மட்டும் தெரியும். சிக்னலில் எண்ணை மறைத்துப் பயனர்பெயரோடு பேசவும் முடியும். வருகைப் பதிவேடு வேண்டாம், எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதினால் போதும். தாய் அமைப்பு பெயர்ப் பட்டியல் கேட்டால் கொடுக்காதீர்கள்.

டேட்டிங் ஆப்பில் பழகி, வரச்சொல்லி, வீடியோ எடுத்து மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் சிறு ஊர்களிலும் வந்துவிட்டன. இதை ஒரு சந்திப்பின் தலைப்பாகவே வையுங்கள். முதல் சந்திப்பு பொது இடத்தில், போகும் இடம் ஒரு நண்பருக்குத் தெரிந்திருக்க வேண்டும், மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காமல் திரைப்பதிவுகளை எடுத்து வைக்க வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவில் மிரட்டிப் பணம் பறித்தல் குற்றம். வயதுவந்தவர்களின் சம்மத உறவை 2018 செப்டம்பர் 6 தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. புகார் கொடுப்பவர் பயப்படக் காரணமில்லை என்பதை அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

7. ஆபத்து வரும்போது

இந்தப் பகுதியை நன்றாகப் படியுங்கள். கிளை தொடங்கிய செய்தி பரவிய சில வாரங்களிலேயே முதல் அழைப்பு வந்துவிடும். தயாராகும்வரை காத்திரு என்று அதனிடம் சொல்ல முடியாது.

பெரும்பாலும் வருவது இப்படித்தான். இரண்டு பெண்கள், அல்லது ஒரு பெண்ணும் ஒரு திருநம்பியும், வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். பெற்றோர் "காணவில்லை" என்று புகார் கொடுத்திருப்பார்கள், சில நேரம் கடத்தல் என்றும் எழுதியிருப்பார்கள். முதல் கேள்வி வயதுதான். இருவரும் பதினெட்டு தாண்டியிருந்தால் வழி தெளிவாக இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7-இல் பிறப்பித்த ஆணை இதைப் பற்றியதுதான். காணவில்லை என்று வந்த புகாரில் இருப்பவர்கள் சம்மதத்தோடு சேர்ந்திருக்கும் வயதுவந்த பால்புதுமையர் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, எந்தத் தொல்லையும் தராமல் புகாரை முடிக்க வேண்டும் என்று காவல்துறைக்கு அது சொல்கிறது. அந்த ஆணையின் நகல் உங்கள் போனிலும் காகிதத்திலும் எப்போதும் இருக்கட்டும்.

செய்ய வேண்டியவை வரிசையாக: இருவரும் தங்கள் விருப்பத்தோடுதான் வந்தோம் என்று தனித்தனியாகக் கைப்பட எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட வேண்டும். அதைக் காவல் கண்காணிப்பாளருக்கும் சம்பந்தப்பட்ட நிலையத்துக்கும் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஊர் நிலையத்துக்குத் தனியாகப் போகவே கூடாது, வழக்கறிஞரோடுதான் போக வேண்டும். முடிந்தால் தாங்கள் இப்போது இருக்கும் ஊரின் நிலையத்திலேயே ஆஜராகலாமா என்று வழக்கறிஞர் மூலம் கேளுங்கள். சொந்த ஊர் நிலைய வாசலில் உறவினர் கூட்டம் காத்திருந்து இழுத்துக்கொண்டு போனது பல தடவை நடந்திருக்கிறது.

கிளம்பும் முன்பே கூப்பிடுகிறவர்களும் உண்டு. அவர்களிடம் போகச் சொல்லவும் வேண்டாம், போகாதே என்றும் சொல்ல வேண்டாம். முடிவு அவர்களுடையது. ஆனால் எது கையில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்: ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் அசல், வங்கிப் புத்தகம், தன் பெயரில் இருக்கும் சிம், தினம் சாப்பிடும் மருந்து. வீட்டு நகை எதையும் எடுக்க வேண்டாம், திருட்டு வழக்குப் போட அதுவே போதும்.

வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்தால், அவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனு இருக்கிறது. தென் மாவட்டங்கள் என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், மற்றவை சென்னையில். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இத்தகைய மனுக்களுக்கு வழிகாட்டுதல்களைத் தந்தது. அடைத்து வைக்கப்பட்டவரோடு நீதிபதி நேரில், பெற்றோர் அழுத்தம் இல்லாத சூழலில் பேச வேண்டும், கவுன்சலிங் என்ற பெயரில் அவருடைய விருப்பத்தை மாற்ற முயலக் கூடாது என்பது அவற்றின் சாரம். 2025 மே மாதம் வேலூர்ப் பகுதிப் பெண் ஒருவரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் தன் துணையோடு போகலாம் என்று சொன்னதோடு, தேர்ந்தெடுத்த குடும்பம் (ரத்த உறவோ திருமணமோ இல்லாமல் தாங்களே அமைத்துக்கொள்ளும் குடும்பம்) என்ற கருத்தையும் ஏற்றுக்கொண்டது. இந்த வழக்குகளில் வேகம் முக்கியம். மனு போடத் தயாராக இருக்கும் ஒரு வழக்கறிஞரை கிளை தொடங்கும் முன்பே பார்த்துப் பேசி வையுங்கள்.

"மாற்றும் சிகிச்சை" என்று கூட்டிப்போவது இன்னும் நடக்கிறது. மனநல மருத்துவரிடம், போதை மறுவாழ்வு மையத்தில், சில இடங்களில் மந்திரவாதியிடமும் பிரார்த்தனைக் கூட்டத்திலும்கூட. 2021 ஆணை இதைத் தடை செய்தது, 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் இதைத் தொழில் ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவ மன்றங்களுக்கு எழுதியது. மருத்துவர் மீது மருத்துவ மன்றத்தில் புகார் செய்யலாம் என்பதை வீட்டாருக்கும் அந்த மருத்துவருக்கும் மரியாதையாக ஒரு கடிதத்தில் தெரிவித்தாலே சில நேரம் போதும்.

பதினெட்டுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளிடமிருந்தும் அழைப்பு வரும். மனசு கேட்காது, ஆனாலும் அவர்களைச் சந்திப்புக்கு அழைக்கவோ தன்னார்வலர் வீட்டில் தங்க வைக்கவோ கூடாது. பரிவோடு கேளுங்கள், தனியாக இல்லை என்று சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் நம்பகமான கவுன்சலரையும் தொடர்புபடுத்துங்கள். பாலியல் வன்முறை பற்றிச் சொன்னால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை உங்களுக்கு உண்டு. போனை எடுக்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

தற்கொலை எண்ணத்தோடு கூப்பிடுபவரிடம் நேராகவே கேளுங்கள்: சாக வேண்டும் போல இருக்கிறதா, இப்போது பக்கத்தில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள்? கேட்பதால் எண்ணம் வளராது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசும், மருத்துவ உதவி எண் 104-உம் உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108. மறுநாள் காலையில் நீங்களே திரும்பக் கூப்பிட வேண்டும். இரவு அழைப்பை எடுத்த தன்னார்வலர் மறுநாள் வேறு யாரிடமாவது மனம்விட்டுப் பேசவும் ஏற்பாடு இருக்கட்டும்.

இதற்கெல்லாம் ஓர் அவசர நிதி வேண்டும். பஸ் கட்டணம், ஓர் இரவு அறை, ஒரு புது சிம், இரண்டு வேளை சாப்பாடு, அவ்வளவுதான். இரவு ஒரு மணிக்கு ஏ.டி.எம்-இல் எடுக்கக் கூடியதாக அது இருக்க வேண்டும்.

8. தேவை வரும் முன்பே அறிமுகம்

பிரச்சினை நடக்கும்போது முதல் தடவையாக ஒரு அதிகாரியைப் பார்ப்பது கடினம். அமைதியான ஒரு வாரத்தில் காவல் கண்காணிப்பாளரைப் பார்த்து ஒரு கடிதம் கொடுங்கள். 2021 ஆணையோடு, 2022-இல் தமிழகக் காவலர் நடத்தை விதிகளில் சேர்க்கப்பட்ட திருத்தத்தையும் இணையுங்கள். பால்புதுமையரையும், அவர்கள் நலனுக்காக வேலை செய்பவர்களையும் எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. அதாவது உங்கள் தன்னார்வலருக்கும் அதில் பாதுகாப்பு உண்டு.

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். அதன் உதவி எண் 15100. கிளை உறுப்பினர் ஒருவர் அங்கே சட்டத் தன்னார்வலராகச் சேர முயலலாம், அது பல கதவுகளைத் திறக்கும். பெண்களுக்கு சகி ஒன் ஸ்டாப் மையமும் உதவி எண் 181-உம் இருக்கின்றன. ஆனால் அங்கிருப்பவர் பெற்றோரோடு சமாதானம் செய்து அனுப்பத்தான் முதலில் பார்ப்பார். அதனால் முன்கூட்டியே போய்ப் பேசுங்கள். எச்.ஐ.வி பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையம் இருக்கிறது. திருநர் (திருநங்கையர், திருநம்பிகள்) மருத்துவத்துக்கு சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் தனிப் பிரிவுகள் உண்டு. மனநல மருத்துவர் ஒருவரைக் கண்டுபிடிக்கும்போது நேராகக் கேளுங்கள்: "எங்கள் பையனை மாத்திடுங்கன்னு ஒரு அப்பா வந்தா என்ன சொல்வீங்க?" பதிலிலேயே தெரிந்துவிடும்.

சேர்ந்து வாழும் ஜோடிகளுக்கு எது இருக்கிறது, எது இல்லை என்பதையும் உண்மையாகச் சொல்லுங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17 தீர்ப்புப்படி ஒரே பாலினத்தவர் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை. தூத்துக்குடியில் நடந்த ஒரு திருமணம் பற்றிய வழக்கில், திருநங்கையும் இந்துத் திருமணச் சட்டத்தில் சொல்லப்படும் மணமகள்தான் என்று 2019-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாக வைக்கவும் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. உயில் எழுதுவது பற்றி வருடம் ஒருமுறை ஒரு வழக்கறிஞரை அழைத்துப் பேச வையுங்கள்.

9. பெற்றோர்

ஒரு அம்மா சொல்வதை இன்னொரு அம்மா கேட்பார், நம் பேச்சைக் கேட்பதைவிடப் பத்து மடங்கு. மும்பையில் 2017-இல் தொடங்கிய ஸ்வீகார் என்ற, பால்புதுமையரின் பெற்றோர் குழு இதை நாடு முழுக்கக் காட்டியிருக்கிறது. கிளையில் ஏற்றுக்கொண்ட பெற்றோர் ஒருவர் கிடைத்தால் அவரைப் பொத்திப் பாதுகாருங்கள். தினமும் அழைப்பு அனுப்பி அவரைச் சோர்வாக்கிவிடாதீர்கள். பெற்றோர் சந்திப்பைத் தனியாக, பிள்ளைகள் இல்லாமல் நடத்துங்கள். அங்கே அவர்கள் அழுவார்கள், கோபப்படுவார்கள், சாதிசனம் என்ன சொல்லும் என்பார்கள். அதையெல்லாம் பிள்ளைகள் கேட்க வேண்டியதில்லை.

10. பணம்

மாதச் சந்திப்புக்கு டீச்செலவும் இடத்துக்கு ஏதாவது கொடுப்பதும்தான். வேலையில் இருப்பவர்கள் மாதம் நூறு, இருநூறு போட்டாலே ஓடும். சம்பளம் இல்லாதவரிடம் கேட்காதீர்கள். கணக்கை இரண்டு பேர் பார்க்க வேண்டும், மாதக் கடைசியில் வரவு செலவை எல்லோருக்கும் அனுப்ப வேண்டும், கொடுத்தவர் பெயர் இல்லாமல். யு.பி.ஐ-யில் பணம் அனுப்பினால் இருவர் பெயரும் தெரியும் என்பதால் ரொக்கமாகக் கொடுக்கவும் வழி வையுங்கள்.

திட்ட நிதி வந்தால் அதன் நோக்கம் உங்கள் நோக்கத்தை மாற்றுகிறதா என்று பாருங்கள். எச்.ஐ.வி நிதியால் பல உயிர்கள் காப்பாற்றப்பட்டன, பல அமைப்புகள் பிறந்தன. ஆனால் எத்தனை பேரைப் பரிசோதனைக்குக் கூட்டி வந்தோம் என்ற கணக்கே வேலையாகிவிட்ட இடங்களில், பெண்களும் திருநம்பிகளும் கண்ணுக்குத் தெரியாமல் போனார்கள். சம்பளம் வாங்குபவர் ஒருவர், சும்மா உழைப்பவர் நால்வர் என்ற நிலை வந்தால், யாருக்கு ஏன் சம்பளம் என்பதை எல்லோர் முன்னாலும் பேசி முடிவெடுங்கள்.

11. உள்ளுக்குள் வரும் சண்டை

கிளைகள் பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் உடைகின்றன. காதல் முறிவு, பணச் சந்தேகம், சாதி, யார் மேடையில் பேசுவது, யாருக்கு வெளிநாட்டுப் பயணம். முதல் தடவை வரும் இளைஞரோடு சந்திப்பை நடத்துபவர் உறவு தொடங்கக் கூடாது என்று வெளிப்படையாக ஒரு விதி வையுங்கள். வந்தவர் தனிமையில் இருக்கிறார், நடத்துபவரிடம் அதிகாரம் இருக்கிறது. பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க கிளைக்கு வெளியே இருக்கும் இருவரை முன்கூட்டியே பெயர் குறித்து வையுங்கள். புகார் உங்கள் நண்பர் மீது வந்தாலும் அதே வழிதான். "இயக்கத்தின் பெயர் கெட்டுவிடும்" என்று மூடி மறைத்த இடங்களில் பெயரும் கெட்டது, ஆட்களும் போனார்கள்.

பொறுப்புகளை வருடம் ஒருமுறை மாற்றுங்கள். போன் எடுப்பவர் நாலு மாதம் எடுத்தால் ஒரு மாதம் ஓய்வு. சொல்லாமல் ஒதுங்குபவரைத் துரோகி என்று பேசாதீர்கள், அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

12. ஊருக்குத் தெரியும்படி

இரண்டாம் வருடத்தில் கல்லூரிகளிலிருந்து தொடங்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடுப்பு விதிகளில் 2016-இல் பாலின அடையாளமும் பாலீர்ப்பும் சேர்க்கப்பட்டுவிட்டன. முதல்வரிடம் அதைக் காட்டி நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியே ஒரு உரைக்கு நேரம் கேளுங்கள். பத்திரிகையாளர் வந்தால் யாருடைய முகமும் பெயரும் ஊரும் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வரக் கூடாது. சம்மதம் கொடுத்தவர் மறுநாள் மனம் மாறினாலும் நிறுத்த முயல வேண்டும்.

பேரணி நடத்தும் ஆசை வரும், நியாயமான ஆசைதான். காவல்துறை அனுமதி வாங்கி, தலித், பெண்கள், மாற்றுத்திறனாளி இயக்கங்களை உடன் அழைத்து, முகமூடி வேண்டுபவருக்கு முகமூடி கொடுத்து நடத்துங்கள். பேரணிக்கு அடுத்த வாரம் அழைப்புகள் கூடும். அந்த வாரத்தில் போனுக்கு இரண்டு பேர் வேண்டும்.

13. கைமாற்றுவதும் மூடுவதும்

கொல்கத்தாவின் கவுன்சல் கிளப் என்ற பால்புதுமையர் ஆதரவுக் குழு 1993-இல் தொடங்கி 2002-இல் முடிந்தது. அதில் இருந்தவர்கள் வேறு அமைப்புகளில் வேலையைத் தொடர்ந்தார்கள். கிளையை மூட வேண்டி வந்தால் அதில் அவமானம் எதுவும் இல்லை, ஒழுங்காக மூட வேண்டும், அவ்வளவுதான். மூன்று மாதம் முன்பே உறுப்பினர்களுக்குச் சொல்லுங்கள். நடந்துகொண்டிருக்கும் வழக்கு ஒவ்வொன்றும் யாரிடம் போகிறது என்று சம்பந்தப்பட்டவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அவசர நிதியின் மிச்சம் பக்கத்து மாவட்டக் குழுவுக்குப் போகலாம். பெயர்கள் இருக்கும் காகிதத்தைக் கிழித்து எரித்துவிடுங்கள். உதவி எண்ணை மட்டும் உடனே துண்டிக்காதீர்கள். பழைய துண்டறிக்கைகளில் அந்த எண் பல வருடம் சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்தது ஒரு வருடமாவது ரீசார்ஜ் செய்து, எடுக்கச் சம்மதித்த வேறொரு குழுவின் எண்ணுக்கு அழைப்புகளைத் திருப்பி வையுங்கள்.